‘தொழில்: ஒன்றுமில்லை’ – நியூயார்க்கை ஆட்டிவைத்த அம்மாக்களைத் தெரியுமா?

1907 ஏப்ரல் 17. நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவு வழியாக அந்த ஒரே நாளில் அமெரிக்காவுக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 11,747! அந்த வருஷம் முழுக்கக் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. இந்த மாபெரும் இடப்பெயர்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்களையே எழுதினார்கள். சுரங்கம் தோண்டினான், ரயில் பாதை போட்டான், தள்ளுவண்டியில் தொடங்கிக் கடை முதலாளி ஆனான் என்று. அவன் போய்ச் சேர்ந்த ஓரிரு வருஷம் கழித்து, தலையில் சால்வையும் இடுப்பில் குழந்தையும் பாவாடையைப் பிடித்தபடி இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளுமாகக் கப்பலேறி வந்தாளே ஒருத்தி, அவள் கதை என்ன? ரஷ்யப் பேரரசின் சிற்றூர்களிலிருந்து வந்த யூதத் தாய்களும் தெற்கு இத்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்த தாய்களும் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு சந்துகளில் செய்த காரியங்களைக் கேட்டால் மூக்கில் விரல் வைப்பீர்கள்!

கோட்டில் எழுதிய சாக்பீஸ் எழுத்து

முதலில் ஒரு விஷயம். காசு இருந்தால் எல்லிஸ் தீவுக்கே போக வேண்டாம் என்பது தெரியுமா? முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தீவு, வரிசை, டாக்டர், கேள்வி எல்லாம் அடித்தட்டில் படுத்து வந்தவர்களுக்குத்தான்.

அந்தப் பரிசோதனை எங்கே தொடங்கியது தெரியுமா? மாடிப்படியில்! மூட்டை முடிச்சோடு ஜனங்கள் படியேறும்போதே டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் காலை இழுக்கிறார்கள் என்று கண்ணாலேயே அளப்பார்கள். ஆளுக்குச் சில விநாடிதான். சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்பீஸால் ஓர் எழுத்து. ‘ஹெச்’ போட்டால் இதயக் கோளாறு. ‘எல்’ என்றால் கால் ஊனம். ‘எக்ஸ்’ என்றால் புத்தி சுவாதீனம் குறித்த சந்தேகம். ‘பிஜி’ என்று இரண்டெழுத்து போட்டால்? கர்ப்பிணி! நோய்களின் பட்டியலிலேயே பிள்ளை உண்டாகியிருப்பதையும் சேர்த்து வைத்திருந்தார்கள். தாய் இடுப்பில் வைத்திருக்கும் பிள்ளைக்கு நடக்கிற வயது என்று பட்டால் போதும், உடனே இறக்கிவிடச் சொல்வார்கள். அது தானாக நடந்து காட்ட வேண்டும்.

எல்லோரும் நடுங்கியது கண் டாக்டரிடம். டிரக்கோமா என்ற கண் நோய் இருக்கிறதா என்று பார்க்க இமையைப் புரட்டுவார்கள். எதைக் கொண்டு தெரியுமா? பல நேரம் பூட்ஸ் பொத்தான் மாட்டும் இரும்புக் கொக்கியைக் கொண்டு! நோய் உறுதியானால் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். தொற்றுநோய்க்காரரை ஏற்றி வந்த கப்பல் கம்பெனிக்கு 1903-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 டாலர் அபராதம் வேறு. சிறு பிள்ளைக்கு நோய் என்றால் பெற்றோரில் ஒருவர் கூடவே திரும்ப வேண்டும். நான்கு பிள்ளைகளோடு வந்த ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளையோடு திரும்புவது, எந்தப் பிள்ளைகளை விட்டுப் போவது என்ற முடிவை அந்த மண்டபத்திலேயே, பாஷை தெரியாத அதிகாரி முன்னால் நின்று எடுக்க வேண்டும்.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டாள் என்றே வையுங்கள். உடனே படகேறி நகருக்குள் போய்விட முடியுமா? முடியாது! தனியாக வந்த பெண்ணை, பிள்ளைகளோடு வந்த தாயை, கணவனோ உறவினரோ நேரில் வந்து அழைத்துப் போகும்வரை வெளியே விட மாட்டார்கள். கணவனுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை, தந்தி தவறிவிட்டது என்றால் தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அரசுச் செலவில் விழுந்துவிடக்கூடிய ஆள் என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. கையில் காசில்லாத, கணவன் வராத தாயின் மேல் அது சட்டென்று பாயும்.

மணம் பேசி வந்த பெண்களைக் கல்யாணம் முடித்தால்தான் விடுவோம் என்று நகர மன்றத்துக்கு அழைத்துப் போனதும் உண்டு. அப்படி அழைத்துப் போன மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? பின்னாளில் 1934 முதல் 1945 வரை நியூயார்க் மேயராக இருந்த ஃபியோரெல்லோ லா கார்டியா! 1907 முதல் 1910 வரை பகலில் எல்லிஸ் தீவில் வேலை, இரவில் சட்டப் படிப்பு. தாய் டிரியெஸ்ட் ஊர் யூதப் பெண், தந்தை இத்தாலியர். வந்திறங்கிய இரண்டு பெரிய கூட்டத்தின் பாஷையும் அவருக்கு வசப்பட்டது. திருமணம் நடத்திவைத்த நகர்மன்ற உறுப்பினர்கள் குடித்துவிட்டு மணப்பெண்களின் முன்னாலேயே அசிங்கமாகக் கேலி பேசியதை அவர் தன் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்.

எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள் என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பொய்! ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியதும் மாற்றியதும் பெரும்பாலும் குடும்பங்களே, பிற்பாடு, வேலைக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும்.

மூன்று அறை, ஒரு ஜன்னல் வரிசை

லோயர் ஈஸ்ட் சைடின் ஆர்ச்சர்ட் தெரு, 97-ஆம் எண். 1863-இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். 1935-இல் குடித்தனங்களைக் காலி செய்வதற்குள் இதில் வாழ்ந்துவிட்டுப் போனவர்கள் ஏறத்தாழ 7,000 பேர்! இன்று அது அருங்காட்சியகம். ஒரு குடித்தனத்தின் பரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 325 சதுர அடி. நம்மூர் கிரவுண்டில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. அதில் மூன்று அறை. வெளிக்காற்று பார்ப்பது கோடியில் இருக்கும் ஓர் அறை மட்டும். நடுவில் சமையல் அறை, அதற்குப் பின்னால் இருட்டுப் படுக்கையறை. 1901-இல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் பழைய கட்டடங்களிலும் இரண்டு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதுவரை கொல்லைப்புறம்.

அடுப்புக்கு கேஸ் வந்துவிட்டது, ஆனால் மீட்டரில் காசு போட்டால்தான் எரியும்! காசு தீர்ந்தால் அடுப்பும் விளக்கும் அணைந்துவிடும்; குழம்பு பாதிக் கொதியில் இருந்தாலும் சரி.

இந்த இடத்துக்குள் வாடகைக்கு ஆள் வேறு வைத்துக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஊரிலிருந்து தனியாக வந்த பையன்கள் வாரக் காசு கொடுத்துச் சமையலறையிலும் முன்னறையிலும் படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சோறு, அவர்களின் துணி, அவர்களின் படுக்கை எல்லாம் அம்மா பொறுப்பு. கணவன் கூலியில் விழுந்த துண்டை அடைத்தது பெரும்பாலும் இந்த வரும்படிதான். ராத்திரியில் பாத்திரம் கழுவி முடித்த பிறகு இன்னொரு தொழில் ஆரம்பமாகும். இத்தாலியக் குடும்பங்களில் தொப்பிக்கு வைக்கும் காகித, துணிப் பூக்களைக் கட்டுவார்கள், கடலை உடைப்பார்கள், தொழிற்சாலையிலிருந்து தலையில் சுமந்து வந்த கால்சட்டைகளுக்குக் கைத்தையல் போட்டு முடிப்பார்கள். 1908 முதல் குழந்தைத் தொழிலுக்கு எதிராகப் படம் எடுத்துக்கொண்டு அலைந்த லூயிஸ் ஹைனின் புகைப்படங்களில் இந்தச் சமையலறை மேஜைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அம்மா, பாட்டி, ஐந்து வயதுப் பிள்ளை, எல்லோர் கையிலும் பூ. கூலி? 144 பூவுக்கு 6 சென்ட், 8 சென்ட்!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1910-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்று ஒரு கட்டம். கூலியில்லாமல் சொந்த வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அரசே உத்தரவு போட்டிருந்தது. என்ன தெரியுமா? ‘ஒன்றுமில்லை’! வாடகை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டு, ராத்திரி பூக்கட்டி, வார வாடகையைச் சேர்த்து வைத்த எத்தனையோ பெண்களின் பெயருக்கு எதிரேயும் அதே ‘ஒன்றுமில்லை’தான் இருக்கிறது. கணக்கெடுத்தவர் பகலில் வந்திருப்பார், பூ மேஜையைத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன்.

அதே காகிதத்தில் தாய்மார்களிடம் மட்டும் கேட்ட இரண்டு கேள்விகளும் உண்டு. 1900-இலும் 1910-இலும் கேட்டார்கள். எத்தனை பிள்ளை பெற்றாய்? இப்போது எத்தனை உயிரோடு? பழைய தாள்களைப் புரட்டினால் இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாத வரிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

குழந்தைகள் சாகவில்லை என்று டாக்டர்கள் புகார் கொடுத்த கதை!

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். சாரா ஜோசஃபின் பேக்கர் என்ற பெண் மருத்துவர் நியூயார்க் சுகாதாரத் துறையில் இருந்தார். கோடைக்காலம் வந்தால் லோயர் ஈஸ்ட் சைடில் வயிற்றுப்போக்கால் பச்சைக் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாகும். நோய் வந்தபின் ஓடுவதை விட்டு, குழந்தை நன்றாக இருக்கும்போதே போனால் என்ன என்று அவர் யோசித்தார். 1908 கோடையில் செவிலியர்களைத் திரட்டினார். ஒரு பிறப்பு பதிவாகிறதா? மறுநாளே செவிலி அந்த வீட்டு வாசலில் நிற்பார். தாய்ப்பால் கொடு, ஜன்னலைத் திற, தினம் குளிப்பாட்டு, வெயிலில் கம்பளியைச் சுற்றாதே. இவ்வளவுதான் மருந்து! அந்தக் கோடையில் அந்தப் பகுதியில் முந்தைய ஆண்டைவிட 1,200 குழந்தைச் சாவுகள் குறைந்தன என்று பேக்கர் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு குழந்தை நலத்துக்கென்றே ஒரு பிரிவு தொடங்கி அவரைத் தலைவராக்கினார்கள்.

பிறகுதான் வேடிக்கை. புரூக்ளினில் முப்பதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு மேயருக்கு மனு அனுப்பினார்கள். இந்தப் பிரிவு குழந்தைகளை ஆரோக்கியமாக வைத்திருப்பதால் எங்கள் பிழைப்பு கெடுகிறது, இதை மூடுங்கள் என்று! பிரிவு தொடங்கியபின் கிடைத்த முதல் உண்மையான பாராட்டாக பேக்கர் அதை எடுத்துக்கொண்டார். ‘டைஃபாய்டு மேரி’ என்று உலகமே பேசிய சமையல்காரப் பெண்ணை 1907-இல் தேடிப் பிடித்ததும் இதே பேக்கர்தான் என்பது உபரித் தகவல்.

வேலைக்குப் போகும் அம்மாக்களின் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார்? எட்டு, பத்து, பன்னிரண்டு வயது அக்காக்கள். அவர்களுக்காக பேக்கர் ‘குட்டித் தாய்கள்’ சங்கங்களை நடத்தினார். பால் காய்ச்சுவது எப்படி, குளிப்பாட்டுவது எப்படி என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கே பாடம் எடுத்தாள் மகள்! அம்மாவுக்கு ஆங்கிலம் வராது; மகளுக்கு வரும். டாக்டரிடம், வீட்டுச் சொந்தக்காரரிடம், பள்ளிக்கூடத்தில், எங்கும் பேச்சு மகள் வழியாகத்தான்.

செவிலியர் வீடு தேடி வரும் வழக்கத்துக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். 1893-இல் லிலியன் வால்ட் என்ற இளம் செவிலி குடியேறிய பெண்களுக்கு வீட்டுச் செவிலிமை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய அம்மா பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கோடு கிடந்தாள். அந்த வீட்டைப் பார்த்த அன்றே வால்டின் பாதை முடிவாயிற்று. ஹென்றி தெருவில் அவர் தொடங்கிய இல்லத்துச் செவிலியர் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போக நான்கு மாடி இறங்கி ஏற மாட்டார்கள், தெரியுமா? கறுப்புப் பையோடு மொட்டை மாடி தாண்டி மொட்டை மாடி போய்விடுவார்கள்!

‘எங்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள்!’

1906 ஜூன் கடைசி வாரம். லோயர் ஈஸ்ட் சைடின் பள்ளிக்கூடங்களை ஆயிரக்கணக்கான யூதத் தாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். கதவை இடித்தார்கள், ஜன்னலில் கல் விழுந்தது, தலைமையாசிரியர்கள் பயந்து பிள்ளைகளை வெளியே விட்டார்கள். காரணம்? டாக்டர்கள் பள்ளிக்குள் வந்து பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்ற வதந்தி!

நடந்தது இதுதான். மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதை இருந்தால் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு மந்தமாக இருக்கும், படிப்பு ஏறாது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொன்னால் அம்மாக்களுக்கு நேரமில்லை. சரி, டாக்டர்களையே பள்ளிக்கு வரவழைப்போம் என்று ஒரு பள்ளியில் ஏற்பாடு செய்தார்கள். சம்மதச் சீட்டு வீட்டுக்குப் போனது, ஆங்கிலத்தில்! பிள்ளை வாயில் ரத்தத்தோடு வீடு திரும்பினால் தாய் என்ன நினைப்பாள்?

பத்திரிகைகள் அறிவில்லாத கூட்டம் என்று சிரித்தன. ஆனால் அதே ஜூன் மாதத்தின் நடுவில்தான் ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டாக் நகரில் யூதர்களைக் கொன்று குவித்திருந்தார்கள். இறந்தவர்களில் இந்தத் தாய்களின் அண்ணன் தம்பிகள் இருந்திருக்கலாம். செய்தி அவர்களின் தாய்மொழியான இத்திஷ் பத்திரிகைகளில் தினம் வந்துகொண்டிருந்தது. சீருடைக்காரர்கள் பிள்ளைகளை வெட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கு வதந்தியே அல்ல, ஊரில் பார்த்துவிட்டு வந்த விஷயம். சிரித்தவர்கள் அதைச் சேர்த்து எழுதவில்லை.

கறி விலைக்கு ஒரு யுத்தம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1902 மே. யூத மத விதிப்படி அறுத்த கோஷர் இறைச்சியின் விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக எகிறியது. ஒரேயடியாக ஒன்றரை மடங்கு! மொத்த வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த பெரிய மாட்டிறைச்சிக் கம்பெனிகளை எதிர்த்து முதலில் சில்லறைக் கசாப்புக்கடைக்காரர்களே கடையடைப்பு செய்தார்கள். சில நாளில் சமாதானமாகிக் கடையைத் திறந்துவிட்டார்கள். விலை மட்டும் இறங்கவே இல்லை.

ஆண்கள் போராடும் லட்சணம் இதுதானா என்று ஃபேனி லெவி, சாரா எடெல்சன் ஆகிய இரண்டு இல்லத்தரசிகள் கிளம்பினார்கள். வீடு வீடாக, மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். மே 15 காலை தெருவைப் பார்த்தால் பெண்கள், பெண்கள், பெண்கள்! சுமார் 20,000 பேர் திரண்டார்கள் என்று செய்தி. கசாப்புக்கடை வாசலில் நின்று யாரும் வாங்காதபடி தடுத்தார்கள். மீறி வாங்கினவர் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். கறியின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். போலீஸ் தடியோடு பாய்ந்தது. அன்றைக்கே எழுபது பெண்கள் வரை கைது!

இதோடு விட்டார்களா? அந்தச் சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள், ஜெப ஆலயங்களுக்குள் நுழைந்து வேதநூலான தோராவின் வாசிப்பையே நிறுத்தினார்கள். பொதுக் குறை உள்ளவர் வாசிப்பை இடைமறித்து முறையிடலாம் என்பது அவர்களின் பழைய வழக்கம். ஆண்கள் பயன்படுத்தி வந்த அந்த உரிமையைப் பெண்கள் கையில் எடுத்தார்கள். உங்கள் மனைவிமார்களை நாங்கள் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள் என்று ஆண்களிடம் முறையிட்டார்கள். மாட்டிறைச்சிக் கூட்டுக் கம்பெனிக்கு எதிரான பெண்கள் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். கைதானவர்களுக்கு ஜாமீன் நிதி திரட்டினார்கள். புரூக்ளின், ஹார்லெம் என்று போராட்டம் பரவியது.

ஜூன் தொடக்கத்தில் விலை 14 சென்ட்டுக்கு இறங்கியது! மூன்று வாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள் கம்பெனியை மண்டியிட வைத்துவிட்டார்கள். இதில் நான் ரசிப்பது அவர்களின் திட்டமிடலைத்தான். கட்டடத்துக்குக் கட்டடம் யார் பேசுவது, எந்தத் தெருவை யார் காவல் காப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். மாடிப்படியிலும் தண்ணீர்க் குழாயடியிலும் தினம் பேசிப் பழகியவர்களுக்குக் கூட்டம் சேர்ப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை.

பாடம் மறக்கவும் இல்லை. 1907 கடைசியில் வாடகை ஏறியபோது பாலின் நியூமன் என்ற பதின்வயதுத் தொழிற்சாலைப் பெண் முன்னின்றாள். பகலெல்லாம் அவள் மிஷினில் இருப்பாள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தைத் திரட்டியவர்கள் வீட்டில் இருந்த அம்மாக்கள்தான். சுமார் 10,000 குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்தன. இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வாடகை குறைந்தது. 1917 பிப்ரவரியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் எட்டாக்கனியானபோது புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்லில் தள்ளுவண்டிகள் கவிழ்ந்தன, மறுபடி மண்ணெண்ணெய் பறந்தது, தாய்கள் நகர மன்றத்தின் படிக்கட்டு வரை போனார்கள். வெங்காய விலை ஆட்சியை அசைக்கும் என்பது நாம் மட்டும் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

காணாமல் போன கணவர்களின் படத்தொகுப்பு

‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற இத்திஷ் நாளிதழ் 1906 ஜனவரியில் வாசகர் கடிதப் பகுதி ஒன்றைத் தொடங்கியது. புகுந்த நாட்டில் நொந்த மனங்கள் எல்லாம் அதில் கொட்டின. அதே பத்திரிகையில் வந்த இன்னொரு பகுதி என்ன தெரியுமா? குடும்பத்தை விட்டு ஓடிப்போன கணவர்களின் புகைப்பட வரிசை! பெயர், வயது, அடையாளம், கடைசியாகப் பார்த்த ஊர் எல்லாம் அச்சில் வரும். யூத மதச் சட்டப்படி கணவன் விலக்குச் சீட்டு கொடுக்காவிட்டால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. ஓடியவன் அவளையும் கட்டிப்போட்டுவிட்டே ஓடினான். 1911-இல் இதற்கென்றே தேசிய அளவில் ஓர் அலுவலகம் தொடங்கித் தேடிப் பிடித்தார்கள் என்றால் பிரச்சினையின் அளவை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே 1911, மார்ச் 25. டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குடியேறிய இளம்பெண்கள். அடையாளம் தெரியாமல் புதைத்த ஆறு பேரின் பெயர்கள் எப்போது உறுதியாயின தெரியுமா? சரியாக நூறு வருஷம் கழித்து, 2011-இல். அந்தத் தீயில் இறந்தவர்களில் ஒருத்தி இத்தாலியத் தாய். அவளுடைய இரண்டு மகள்களும் அதே தளத்தில் வேலை செய்தார்கள், அதே தீயில் போனார்கள். சின்னவளுக்கு 14 வயது.

நாலாயிரம் வருஷம் காத்திருந்த கொழுப்பு!

கொஞ்சம் அடுப்படிக்குப் போவோம். பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்பது யூத அடுக்களையின் கறாரான விதி. வெண்ணெய் பால் வகை. ஆகவே கறிச் சமையலில் சேராது. 1911-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி பருத்திவிதை எண்ணெயைக் கட்டியாக்கி ‘கிரிஸ்கோ’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை! யூதர்கள் இதற்காக நாலாயிரம் வருஷம் காத்திருந்தார்களாம். அப்படி ஒரு மதகுருவே சொன்னதாகக் கம்பெனி தன் புத்தகத்தில் போட்டுக்கொண்டது. விளம்பரக்காரர்களின் துணிச்சலுக்கு அன்றும் அளவில்லை.

மில்வாக்கி நகரில் லிசி பிளாக் கேண்டர் என்பவர் குடியேறிய பெண்களுக்குச் சமையல் வகுப்பு நடத்தினார். குறிப்புகளை அச்சடிக்க 18 டாலர் கேட்டபோது நிர்வாகக் குழு மறுத்துவிட்டது! அவர் சளைக்கவில்லை. விளம்பரம் பிடித்து 1901-இல் தானே ‘செட்டில்மென்ட் சமையல் புத்தகம்’ போட்டார். முதல் பதிப்பு 1,000 படி. பிற்காலத்தில் அது இருபது லட்சத்தைத் தாண்டி விற்றது!

ஊறுகாய் மேல் வந்த கோபத்தைக் கேளுங்கள். உப்பும் புளிப்பும் மசாலாவும் நரம்பைத் தூண்டும், பிள்ளைகளின் சுபாவத்தைக் கெடுக்கும் என்று நிஜமாகவே நம்பிய உணவு நிபுணர்கள் யூத வீட்டு வெள்ளரி ஊறுகாய்க்கும் இத்தாலிய வீட்டுப் பூண்டுக்கும் எதிராகப் பிரசாரம் செய்தார்கள். இன்று அதே ஊறுகாயைத் தேடி லோயர் ஈஸ்ட் சைடு தெருக்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள்.

பத்து சென்ட், பத்து நாள்

1916 அக்டோபர் 16. பிரவுன்ஸ்வில்லின் ஆம்பாய் தெரு 46-ஆம் எண் வாசலில் தாய்கள் வரிசை கட்டினார்கள், சிலர் கைவண்டியில் குழந்தையோடு. அமெரிக்காவின் முதல் கருத்தடை ஆலோசனை நிலையம்! தொடங்கியவர் மார்கரெட் சாங்கர். துணைக்குத் தங்கை ஈதல் பைர்னும் இத்திஷ் பேசும் ஃபேனியா மின்டெல்லும். ஆங்கிலம், இத்திஷ், இத்தாலியன் மூன்றிலும் துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். கட்டணம் 10 சென்ட். பத்தே நாளில் போலீஸ் மூடிவிட்டது. அதற்குள் வந்து போனவர்கள் 464 பேர். கருத்தடை பற்றிச் சொல்வதே அன்று சட்டப்படி குற்றம். சாங்கருக்கு 30 நாள் சிறை.

ஓட்டு யாருக்கு?

கடைசியாகச் சட்டப் புத்தகம். இங்கேதான் தலை சுற்றும்! அன்றைய சட்டத்தில் மனைவிக்குத் தனிக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது. கணவன் அமெரிக்கக் குடிமகன் ஆனால் மனைவியும் தானாக ஆகிவிடுவாள். பரீட்சை இல்லை, மனு இல்லை. 1907-ஆம் ஆண்டுச் சட்டமோ அமெரிக்காவிலேயே பிறந்த பெண்ணும் வெளிநாட்டவரை மணந்தால் குடியுரிமையை இழப்பாள் என்றது. 1917 நவம்பரில் நியூயார்க் மாநிலம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. விளைவு? ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு தாய், கணவன் குடிமகன் என்பதால், ஓட்டுச் சாவடிக்குள் போகலாம். பல தலைமுறையாக அதே ஊரில் வாழும் குடும்பத்தில் பிறந்து, பட்டம் வாங்கி, இத்தாலியக் குடிமகன் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள் வெளியே நிற்க வேண்டியதுதான்! 1922-இல் கேபிள் சட்டம் வந்துதான் இந்தக் கூத்தைப் பெரும்பாலும் நிறுத்தியது.

அதே 1917-இல் இன்னொரு சட்டம், அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி. பதினாறு வயதைத் தாண்டியவர்கள் ஏதாவதொரு மொழியில் படித்துக் காட்டினால்தான் உள்ளே வரலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால் மனைவி, தாய், பாட்டி படிக்கத் தெரியாவிட்டாலும் வரலாம் என்று விலக்கு! இந்த விலக்கு நம் பாட்டிகளுக்கு உதவியிருக்காது. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கு அதே சட்டம் கதவைச் சாத்திவிட்டது.

ஐரோப்பியத் தாய்க்கும் அந்தச் சலுகை நெடுநாள் உதவவில்லை. 1921-இல் நாட்டுக்கு நாடு வைத்த ஆண்டு ஒதுக்கீட்டை 1924-இல் இன்னும் இறுக்கினார்கள். அமெரிக்கக் குடிமகனின் மனைவியும் பதினெட்டு வயதுக்குள்ளான பிள்ளைகளும் ஒதுக்கீட்டுக்கு வெளியே வரலாம். குடிமகனைப் பெற்றவள்? அவளுக்கு முன்னுரிமை உண்டு, ஒதுக்கீட்டுக்கு உள்ளேதான். முந்தைய சட்டத்தில் 42,000-ஆக இருந்த இத்தாலியின் ஒதுக்கீடு 1924 சட்டத்தில் எவ்வளவு தெரியுமா? மொத்த நாட்டுக்கும், ஆணும் பெண்ணும் சேர்த்து, வருஷத்துக்கு 3,845.